ஒரு முகத்துக்கு ஒரு செம்பு

என் கௌரிக்கு,

நாளை மறுநாளோடு நீ போய் ஒரு வருஷம். நீ இருந்தபோது கடைசி மூன்று வருஷம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நீ சிரிக்கலாம். சிரி. உன் சிரிப்பை நான் எப்போதும் மன்னித்ததில்லை. இன்றைக்கு மட்டும் விட்டுவிடுகிறேன்.

இதை நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். அண்ணன் தங்கை விஷயத்தை ஏன் ஊருக்குப் படிக்கக் கொடுக்கிறீர்கள் என்று உன் அண்ணி மாலதி கேட்டாள். உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யைத் தெருவில் நின்று சொன்னேன். வீட்டுக்குள் உட்கார்ந்து வருந்தினால் அது தெருவிலேயேதான் கிடக்கும்.

முதலில் இங்கத்திய செய்தி. ஏரி இரண்டு வருஷமாக நிறைந்து நிற்கிறது. நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது நின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர். எதிர்மனையில் நான்கு மாடி எழுந்து, நம் சமையலறை ஜன்னலுக்கு வெயில் வருவதில்லை. என் பெண் நித்யா தாம்பரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். என் பாடமான வேதியியல் மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். என் பள்ளியில், எனக்கு வர வேண்டியிருந்த தலைமையாசிரியர் நாற்காலியில் இன்னும் அதே மனிதர்தான் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது இளையவர். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

பின்பக்கக் குழாயில் வரும் நம் போர்வெல் தண்ணீர் மட்டும் மாறவில்லை. அதே உப்பு. பக்கெட்டின் உட்புறம் அதே வெள்ளைப் படிவு.

எங்கிருந்து தொடங்கியது இந்தப் பகை? உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது, முகம் முழுக்கப் பரு. நீ பன்னிரண்டு வயதுக்காரி. என்னோடு படித்தவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். "எங்கண்ணன் மூஞ்சி நம்ம வேளச்சேரி ரோடு மாதிரி, ஒரே குண்டும் குழியும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு நீ ஓடிவிட்டாய். அவன் காபி புரையேறச் சிரித்தான். அன்றிலிருந்து சிவப்பு சோப்பும் பீர்க்கங்காய் நாரும் வைத்து ஒரு நாளைக்கு ஐந்து முறை என் முகத்தைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் காய்ந்து, காய்ந்த இடமெல்லாம் வெடித்து, இன்னும் கேவலமாயிற்று. அதையும் உன் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் குன்றத்தூர் மலைக் கோயிலில் ஒருவனோடு மாலை மாற்றிக்கொண்டாய். எட்டு வருஷம் கழித்து அவனில்லாமல் ஒற்றைப் பையோடு திரும்பி வந்தாய். மாடியறையில் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போட்டு பார்லர் தொடங்கினாய். எம்.எஸ்ஸி., எம்.ஃபில். படித்தவன் வீட்டு மாடியில் புருவம் திருத்தும் கடையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உன் நாற்காலிக்குக் கூட்டம் வந்தது. ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்க்கும் பெண்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள். எல்லோரிடமும் நீ முதலில் கேட்டது ஒரே கேள்வி. "மூஞ்சி எப்பிடிக் கழுவுறீங்க, செஞ்சு காட்டுங்க."

அதே கேள்வியோடு என்னிடமும் வந்தாய். நான் பின்பக்கக் குழாயடியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ மாடிப்படியில் நின்றபடி சொன்னாய்.

"அண்ணா, அது மூஞ்சி, சட்டி இல்ல. எதுக்கு இப்பிடித் தேய்க்கிற?"

"வந்துட்டாங்க டாக்டரம்மா."

"மொதல்ல கையக் கழுவு. அழுக்குக் கையால மூஞ்சியத் தொட்டா, இருக்கற அழுக்கு போதாதுன்னு புதுசா வேற அப்பிக்குது. அந்த செவப்பு சோப்பத் தூக்கிப் போடு. அது துணிக்கே ஜாஸ்தி."

கேட்கிறேனோ இல்லையோ, நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாய். கொதிக்கும் நீரும் வேண்டாம், ஐஸ் நீரும் வேண்டாம். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். புளியங்கொட்டை அளவு ஃபேஸ்வாஷ், அது இல்லாவிட்டால் குழைத்த கடலை மாவு. உள்ளங்கை வேண்டாம், விரல் நுனி போதும். நெற்றி, மூக்கின் இரண்டு பக்கமும், தாடையின் அடி, காதோரம் என்று சின்னச் சின்ன வட்டமாகப் போக வேண்டும். அறுபது எண்ணும்வரை. பிறகு வழவழப்பு போகும்வரை கழுவி, துண்டால் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. ஈரம் காயுமுன் கொஞ்சம் கிரீம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அவ்வளவுதான். இடையில் கை அரித்தாலும் முகத்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

"மூஞ்சி கழுவ ஒரு டிப்ளமோ" என்றேன்.

"நீ பாஸாக மாட்ட" என்றாய். "இந்தத் தண்ணில நுரையே வராதுண்ணா. நுரை வரட்டும்னு நீ சோப்ப மேல மேலப் போடுற. அது மூஞ்சிலயே படிஞ்சு போகுது. அதான் ஒனக்கு எரியுது. கடைசியா ஒரு செம்பு நல்ல தண்ணில அலசு, போதும்."

கௌரி, கடினநீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து கரையாத படிவாகும். இந்தச் சமன்பாட்டை இருபது வருஷமாக நான் கரும்பலகையில் எழுதுகிறேன். தப்பாக எழுதிய பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். என் கன்னத்தில்தான் அந்தப் படிவு இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. பத்தாவதோடு நின்ற நீ அதைக் குழாயடியில் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

"ஒரு தடவ வந்து ஒக்காருண்ணா. பத்தே நிமிஷம். பெண்களுக்கு மட்டும்னு போர்டு இருக்கேன்னு யோசிக்காத, திருப்பி வெச்சிடறேன்."

"என் மூஞ்சி இப்பிடியே இருக்கட்டும்."

"இன்னும் வேளச்சேரி ரோட்ட மறக்கலியா நீ? அதுக்கே புதுசா தார் போட்டுட்டாங்க."

நான் உட்காரவில்லை.

பிறகு மழை பொய்த்த அந்தக் கோடை வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி. வீட்டுக்கு ஆறு குடம் என்று சங்கம் விதி வைத்தது. மாடியில் தனியாகச் சமைக்கிறாய் என்பதால் உனக்கென்று இரண்டு குடம் தந்தார்கள். உன் பச்சைக் குடங்கள் இரண்டும் வரிசையில் எங்கள் குடங்களுக்குப் பின்னால் நிற்கும். அந்த நல்ல தண்ணீரை உன்னிடம் வரும் பெண்களின் முகத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, நீ போர் தண்ணீரில் சீரகம் போட்டுக் காய்ச்சிக் குடித்தாய். இதை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அப்போதே எனக்குத் தெரியும். நித்யாவைக் கூப்பிட மாடிக்கு வந்தபோது, உன் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தலைமையாசிரியர் பதவி கைநழுவிய வாரம் அது. லாரி வந்து நின்றது. நீ உன் குடத்தைக் குழாயின் கீழே பிடித்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பின்னால் நின்ற சங்கச் செயலாளர், பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கேட்கும்படி, "என்ன சார், ஹெச்.எம். போஸ்ட் ஒங்களுக்குத்தான்னு சொன்னாங்க. வேற யாருக்கோ ஆயிடுச்சாமே?" என்றார்.

முகம் எரிந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. அதற்கு நீ கைக்கெட்டும் தூரத்தில் நின்றாய்.

"அத விடுங்க சார். இங்க குடிக்கத் தண்ணியில்ல, எங்க வீட்டு மாடியில மூஞ்சிக்கு ஒரு குடம் போகுது. ஒங்க பங்கையெல்லாம் எடுத்துத்தான் பார்லரே நடக்குது."

லாரிக்காரர் சிரித்தார். "இன்னா சார் சொல்ற, மூஞ்சிக்கு ஒரு கொடமா? அப்ப நம்ம மூஞ்சிக்கு லாரியே பத்தாதே." வரிசை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண், "அதான் முந்தாநாளு எங்க வீட்டுக்கு ரெண்டு கொடம் கொறஞ்சுதா?" என்றாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் வந்து குழாயை உன் குடத்திலிருந்து எடுத்து அடுத்த குடத்தில் விட்டார். "மாடிக்கு இனிமே தனியாக் கெடையாதும்மா."

நீ என்னைப் பார்த்து, "அண்ணா" என்றாய். அவ்வளவுதான். அரைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாய்.

மறுநாள் காலை குழாயடியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர், மேலே தட்டு மூடி வைத்திருந்தது. அந்த அரைக் குடத்திலிருந்து எடுத்தது. எனக்கு என்று தெரியாதா? மறுநாளும் இருந்தது. நான்காம் நாள் நீ படியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, நீ பார்க்கும்படியே அதை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

"சரி, அந்தச் செடிக்காவது பரு வராது" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். நீ அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமோ?

அந்த மாதமே கீழ்க்கட்டளையில் ஒரு கடை பிடித்துக்கொண்டு போய்விட்டாய். பல்லாவரம் போகும் பஸ்ஸில் மூன்று வருஷம் உன் போர்டைக் கடந்து போனேன். போர்டு வருமுன் தலையைத் திருப்பிக்கொள்ளும் இடம் எனக்குப் பழகிவிட்டது. நித்யா மட்டும் உன்னிடம் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் பரு வந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது. யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிறகு அந்தத் தொலைபேசி. கடையில் ஒரு பெண்ணுக்கு முகம் ஒற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாயாம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாக டாக்டர் சொன்னார். குடித்த தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். இல்லை சார் என்றார் உறுதியாக. அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

உன்னை இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான்தான் போட்டேன். உன் புருஷன் வந்து ஓரமாக நின்றான். அவனை இன்னும் மன்னிக்கவில்லை. அந்த ஒன்றை உனக்காகக்கூட விடமாட்டேன்.

உன்னைக் குளிப்பாட்டப் புடவையால் மறைப்புக் கட்டினார்கள். தண்ணீர் கேட்டார்கள். நான் பின்பக்கம் போய், கை பழகிய குழாயைத் திறந்து, குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். மறைப்புக்கு உள்ளிருந்து நித்யாவின் குரல் வந்தது.

"அப்பா, இது போர் தண்ணி. ஒடம்புக்கு ஊத்திக்கட்டும். அத்தை மூஞ்சிக்கு வேணாம்."

பக்கத்து வீட்டு மாமி, "போற ஒடம்புக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்னடி?" என்றார்.

"போகட்டும் மாமி. வெள்ளையாப் படிஞ்சு போக வேணாம்."

சமையலறைக்கு ஓடினேன். முழுக் கேனையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்த வேகத்தில் பாதி தரையில் கொட்டியது. நித்யா புடவையை விலக்கிக் கையை மட்டும் நீட்டினாள்.

"இவ்வளவு எதுக்குப்பா? ஒரு செம்பு போதும்."

ஒரு செம்பு. அதற்குத்தான் நான் தெரு நடுவில் ஒரு குடம் என்று சொல்லியிருந்தேன். மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே அவள் முதலில் தன் கையைக் கழுவும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் கூடவே எண்ணினேன். நாற்பதைத் தாண்ட என்னால் முடியவில்லை.

உன் கடையை உன்னோடு வேலை பார்த்த செல்விதான் இப்போது நடத்துகிறாள். போர்டை மாற்றவில்லை. அந்த நாற்காலியில் என்னை உட்காரவைக்க இனி யாரால் முடியும்?

ஆனால் ஒன்று செய்ய முடியும். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மலரில் அச்சாகட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. செயலாளர், மாமி, அன்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று இதை நானே படிக்கிறேன். கௌரி யாருடைய பங்கையும் எடுக்கவில்லை, தன் குடிதண்ணீரைத்தான் அடுத்தவர் முகத்துக்குக் கொடுத்தாள், அது தெரிந்தேதான் நான் பொய் சொன்னேன் என்று சொல்கிறேன். அவர்கள் என்னைப் பார்க்கட்டும். இந்த முறை வேறு யாரையும் காட்ட மாட்டேன்.

படித்து முடித்து வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவ வேண்டியிருக்கும். முதலில் கையைக் கழுவிக்கொள்கிறேன். ஒரு செம்பு நல்ல தண்ணீர்தான் எடுப்பேன். அறுபதுவரை எண்ணிப் பார்க்கிறேன். அழுத்தித் தேய்க்க மாட்டேன், கௌரி.

குழாயடியில் இன்னும் நிற்கும்
உன் அண்ணன்