வேம்புலி என்று போட்ட சட்டை

திருமுல்லைவாயில்
9.6.2024

அன்புத் தம்பி சரணுக்கு,

அக்கா அனுசுயா எழுதறது. நானும் யுவராணியும் சௌக்கியம். அவ நாளைக்குப் பன்னெண்டாவது போறா. திருப்பூர் தண்ணி உனக்கு ஒத்துக்குதா? போன்ல பேசினா நீ பேசியே என் வாயை அடைச்சுடுவே, அதனாலதான் எழுதறேன்.

நேத்து அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சு ரயில்ல வந்துகினு இருந்தேன். எதிர் சீட்டுல ஒரு பொண்ணு என் கையையே பாத்துகினு இருந்துச்சு. "ஆன்ட்டி, நீங்களும் வேம்புலி ஃபேனா? லோகோவையே டாட்டூ போட்டுகினு கீறீங்க"ன்னு கேட்டுச்சு. அது போட்டிருந்த சட்டையில உங்க மாமா பேரு. என் கையில அவர் குத்தின அதே எழுத்து. இது என் ஊட்டுக்காரர் பேரும்மான்னேன். நம்பாம சிரிச்சுது.

மாமா கருமாதிக்கு வந்தப்ப என் கையைப் போட்டோ எடுத்தியே, அவரோட டாட்டூ கடை போர்டுக்குத்தான்னு நெனச்சேன். சட்டை கம்பெனிக்குன்னு நீ சொல்லல. ஊசி புடிச்ச இத்தனை வருஷத்துல அவர் யார் உடம்புலயும் தன் பேரைப் போட்டதில்ல. "அடுத்தவங்க உடம்புல என் பேரு எதுக்கு"ன்னுவார். நான் அடம் புடிச்சேன்னு என் கையில மட்டும் போட்டார்.

பேரை வச்சுக்கோ, வேற எழுத்துல அச்சடிச்சுக்கோ. அவர் எழுத்தை மட்டும் எடுத்துடு. வேற ஒண்ணும் கேக்கல.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா அனுசுயா


திருப்பூர்
21.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சரண் எழுதறேன். எழுதிப் பழக்கமே இல்ல, தப்பிருந்தா சிரிக்காதே.

அந்த எழுத்தாலதான் அக்கா சட்டையே ஓடுது. பார்ட்னருங்க அதைப் பதிவு பண்ணிட்டாங்க. நான் நெனச்சாலும் எடுக்க முடியாது. என்னை வளர்த்து ஆளாக்கினவர் பேரு அம்பத்தூர் ஸ்டேஷனைத் தாண்டலையேன்னு எனக்கு எவ்ளோ ஆத்திரம் தெரியுமா? இன்னிக்கு ஊரே போட்டுகினு சுத்துது. நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்.

அண்ணா நகர்ல புதுக் கடை திறக்கறோம். ரிப்பன் நீதான் வெட்டணும். முழுக்கை ரவிக்கை மட்டும் வேணாம், கை தெரியணும்.

யுவராணிக்கு என் அன்பு.
தம்பி சரண்


திருப்பூர்
28.8.2024

அக்கா,

கடை திறப்புக்கும் வரல. போனும் எடுக்கல. அதான் கூரியர்ல போடறேன். கோபம் இருந்தா இருக்கட்டும், இது அவசரம். எவனோ அதே எழுத்தைப் போட்டு மட்டமான சட்டை விக்கறான். மாமா எழுத்து நம்பளதுன்னு காட்ட உன் கையைத் தெளிவா போட்டோ புடிக்கணும்னு வக்கீல் சொல்றார். பழைய போட்டோ மங்கல். ஞாயித்துக்கிழமை ஆள் வரும். மாமாவுக்காகச் செய்.

சரண்


திருமுல்லைவாயில்
2.9.2024

சரணுக்கு,

நேத்து உன் ஆள் வந்தார். காபி குடுத்து அனுப்பிட்டேன். போட்டோ புடிக்க என் கையில ஒண்ணும் இல்ல.

உன் மொத லெட்டர் வந்த கொஞ்ச நாள்ல தேவராஜ் கடைக்குப் போனேன். உங்க மாமாகிட்ட வேலை பாத்தவர், இப்போ ஆவடியில தனியா வச்சிருக்கார். இதை மறைச்சுடுங்கன்னேன். மாட்டேன்னார். நான் எழுந்திருக்கல. பழசை மறைக்கணும்னா அதைவிடப் பெருசா, அதைவிடக் கருப்பா குத்தணுமாம். மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் இப்போ வெறும் கருப்பு.

கல்யாணமான புதுசுல அவர் குத்தினப்ப கத்தி ஊரைக் கூட்டினேன். இந்தத் தடவை வலிக்கல. தேவராஜ்தான் கண்ணைத் துடைச்சுகினார். எனக்கு அழுகை வந்திருந்தா தேவலை. உன் மேல கோபம் வரணும், அதுவும் வரல. நீ என் தம்பிங்கறதே யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி கீது. இனிமே எழுதாதே.

அவர் எழுத்து இனி உங்க சட்டையில மட்டும்தான்னு ஊட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. சம்பளம் வந்ததும் உன் அண்ணா நகர் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கினேன். நான் யாருன்னு சொல்லல. யாருக்கு, என்ன சைஸ்னு கேட்டாங்க. அவர் சைஸைச் சொன்னேன். பீரோவுல அவர் சட்டைங்களோட மடிச்சு வச்சிருக்கேன்.

அனுசுயா