யாருடைய செக்ஷனும் இல்லாத குழாய்

அண்ணா,

உனக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பினாலே, "போன் பண்ணி சொல்லேன் பாப்பா, இத்தயெல்லாம் குந்திக்கினு ஆரு படிக்கறது" என்றவன் நீ. பேச வேண்டிய இடத்தில் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுவேன். இன்று கொஞ்சம் பேசிவிட்டேன். பேச முடியாமல் போனதுதான் இது.

காலையில் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் டீசல் இன்ஜினின் உறுமல், அதற்கு மேலே ஊசி மாதிரி ஏறும் டர்போவின் விசில். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா சோப்பு நுரைக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது.

நீ வரவில்லை. உன்னோடு வேலை பார்த்த சேகர் அண்ணன்தான் நம் ஷெட்டில் நின்றிருந்தார். நொறுங்கிய காரிலிருந்து கழற்றி மூலையில் தார்பாய் போட்டு வைத்திருந்த உன் இன்ஜினை ஓர் இரும்புச் சட்டத்தில் ஏற்றி, பேட்டரி மாட்டி ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். "பாத்தியாம்மா, ஒரே செல்ஃப்ல எழுந்துக்கிச்சு. ஒண்ணும் ஆகல" என்றார். அந்த "ஒண்ணும் ஆகல"வை நான் இன்னும் மென்று முழுங்க முடியவில்லை.

அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக் காரை, ரிட்டையராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போன ஒருவரிடம் வாங்கி வந்தாய். பெட்ரோல் கார். ஏசி போட்டால் மேம்பாலம் ஏற மூச்சு வாங்கும். பண்ருட்டிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் வேறொரு கம்பெனியின் டர்போ டீசல் இன்ஜினைப் பார்த்துவிட்டு வந்த அன்று உனக்குச் சோறு இறங்கவில்லை.

"கார் ஒரு கம்பெனி, இன்ஜின் ஒரு கம்பெனி. எப்படிண்ணா சேரும்?" என்று கேட்டேன்.

"கல்யாணம் பண்ணா ஒரே வூட்லயா எடுக்கறோம்?"

"ஜாதகம் பாத்தியாடா?" என்றாள் அம்மா.

"பாத்தாச்சு. எட்டுப் பொருத்தம் கீது. மீதி ரெண்டு வெல்டிங்ல வந்துடும்."

அம்மா சிரித்ததில் தட்டில் ஊற்ற வேண்டிய குழம்பு தரையில் கொட்டியது. அந்தச் சிரிப்புக்காகவே நானும் உன்னை நம்பினேன்.

நம் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது இந்த மனை வந்தது, உனக்குக் கான்ட்ராக்ட் வேலை வந்தது. பெர்மனென்ட் வரவேயில்லை. டம்பர் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் நீ இன்ஜின் செக்ஷன், சேகர் அண்ணன் பிரேக் செக்ஷன். உனக்கு ஏ ஷிப்ட், அவருக்கு பி ஷிப்ட். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்ததே குறைவு. காலையில் அவர் வந்து நம் ஷெட்டில் வேலை செய்துவிட்டு ஷிப்டுக்குப் போவார். மதியத்துக்கு மேல் நீ வந்து தொடர்வாய். நடுவில் ஒர்க்‌ஷாப் கேட்டில் அவர் உள்ளே போக, நீ வெளியே வர, நின்ற இடத்தில் ஒரு கேள்வி, ஒரு பதில்.

"பாக்கி இன்னா?"

அதுதான் உங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம் என்று பெருமையாகச் சொல்வாய். போகிறவன் மீதி வேலையை வருகிறவனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாத எதுவும் முடிந்த வேலை. கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. "பாக்கின்னு சொல்லலையா, முடிஞ்சுது பாப்பா. மைன்ஸ்ல அதான் சட்டம்." ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில், மேலே பார்க்க ஒரு ஃபோர்மேன் இருக்கும் இடத்தில் அது சட்டமாக இருக்கட்டும். நம் ஷெட்டில் ஃபோர்மேன் யார்?

கடைசி நாள் அவர் கேட்டில் உன்னிடம் சொன்ன பாக்கி ஹெட்லைட் வயரிங் மட்டும். நீ வந்து அதை முடித்தாய். டீயைக் கொடுத்துவிட்டு நான் கேட்டேன். பயந்து பயந்துதான் கேட்டேன், ஆனால் கேட்டேன்.

"பிரேக் எல்லாம் பாத்தாச்சாண்ணா?"

"அது அவன் செக்ஷன். பாக்கின்னு சொல்லல."

"நீ ஒரு வாட்டி பாரேன்."

"அவன் வேலய நான் பாத்தா அவனுக்கு இன்னா மரியாத?"

தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாய். "பெடல் கொஞ்சம் கெட்டியா கீது. புதுசு, பழகிடும்" என்றாய். அம்மாவை ஏறச் சொன்னாய். அவள் அரிசி ஊறப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டாள். நீ மட்டும் முத்தாண்டிக்குப்பம் ரோட்டுக்குப் போனாய். பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்று முந்திரித் தோப்புப் பாதையிலிருந்து ரோட்டில் ஏறியது. நீ பிரேக்கை மிதித்தாய். மிதித்தது உண்மை என்று எல்லோரும் சொன்னார்கள். பெடல் உடையவில்லை, வளைந்திருந்தது.

வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி பானட்டைப் பிரித்துக் காட்டியபோது நான்தான் நின்றேன். காலின் பலம் மட்டும் வேகமாகப் போகும் காரை நிறுத்தாது. இன்ஜின் பக்கமிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்து பிரேக்குக்கு வலு கொடுக்க வேண்டும். பழைய இன்ஜினோடு பழைய குழாயும் கழன்றிருந்தது. புதிய குழாயின் ஒரு முனை பிரேக்கில் இருந்தது. மறுமுனை சும்மா தொங்கியது. அது சேர வேண்டிய இன்ஜின் பம்பின் வாயில், தூசி போகாமலிருக்க நீ அடைத்த துணி அப்படியே இருந்தது.

"இன்ஜின்ல மாட்ற முனை, அவன் மாட்டிருப்பான்னு நெனச்சேன்" என்று சேகர் அண்ணன் அழுதார். நீ, அது பிரேக் குழாய், அவன் மாட்டியிருப்பான் என்று நினைத்திருப்பாய். உன் செக்ஷனில் நீ தப்பு செய்யவில்லை. அவர் செக்ஷனில் அவரும் செய்யவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். உன் கூட்டாளிகள் பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தார்கள். உன் படத்துக்கு இரண்டு பக்கமும் இறக்கை. "டர்போ போட்டான், பறந்துட்டான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நீ பறக்கவில்லை. நிற்க முடியாமல் போனாய். அதை யாரிடமும் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை சேகர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "எனக்கு ஒரு பழைய வண்டி சிக்கிக்கீதும்மா. இத அதுல வெக்கறேன். அவன் ஞாபகமா ஓடட்டும். மொத ரவுண்டு உன்னியும் எம் புள்ளைங்களையும் ஏத்திக்கினு போறேன்."

"எடுத்துக்கினு போப்பா" என்றாள் அம்மா. "அவன் உசுரு அதுலதான் கீது. தார்பாய்க்குள்ள கெடந்து மூச்சு முட்டும்."

நான் இன்ஜினுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். பம்பின் வாயில் அந்தத் துணி இன்னும் இருந்தது, அண்ணா. இத்தனை நடந்த பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. பிடுங்கி அவர் முன்னால் நீட்டினேன்.

"இது ஆரு செக்ஷன்?"

அவர் முகம் கறுத்தது. "அதெல்லாம் இந்த வாட்டி பாத்துக்கலாம் பாப்பா."

"ஆரு பாத்துக்குவா? பேரு சொல்லுங்க."

"நாலு எழுத்து படிச்சா இப்படித்தான் கேப்பியா?" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். "அவன் பெத்த புள்ள மாரி வந்து நிக்கிறான்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சேகர் அண்ணன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம குட்டியானை வண்டி எடுத்துக்கினு வரேம்மா" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது இன்னும் எல்கேஜி போகவில்லை.

ஆபீசில் என்னை இப்போது தொல்லை என்கிறார்கள். ஒரு வேலை மேசைக்கு வந்தால், இதை முடிக்கப்போவது யார், சரி பார்க்கப்போவது யார் என்று கேட்காமல் நகர மாட்டேன். வாயே திறக்காத பெண் எப்படி ஆகிவிட்டாள் பார் என்று பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். நீ விட்டுப்போனதில் எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கேள்விதான். இதைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குப் பிடிக்கவில்லை. கீழே வைக்கவும் பயமாக இருக்கிறது.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் சொல்லி அம்மா கேட்கமாட்டாள். அவள் கனவில் நீ அடிக்கடி வருகிறாயாம். ஷிப்ட் முடிந்து வந்த மாதிரி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறாயாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு முறை வா. என்னிடம் வர வேண்டாம், அவளிடம் போ. சாப்பிடு. கை கழுவி எழுந்திருக்கும் முன் இந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்து, அந்த இன்ஜினைச் சேகருக்குக் கொடுக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போ.