எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர்

12-2-2017, திண்டிவனம்
புதுப் போனை எடுத்துக்கொண்டு சீனுவாசன் கடைக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு வீடியோ கால் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. "போன்ல கோளாறு இல்லக்கா. அண்ணன் மீன்பிடிக்கப் போயிருக்கிற நாட்ல கவர்மென்ட்டே அத மூடி வெச்சிருக்கு" என்றார். நெட் உலகத்துக்கே பொது என்றார்களே, அதற்கும் வேலியா?

பரிமளாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அவள் அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன்.

3-3-2017
சாதாரண காலில் கொஞ்சம் பேசினோம். குரல் கேட்டால் முகம் வேண்டும் போலிருக்கிறது. என்ன மனசோ.

19-3-2017
வீடியோ கால் வந்தது. நிஜமாகவே வந்தது. படகில் நிற்கிறார், பின்னால் கடல், தாடியில் நரை. "கூட வேல செய்ற பாண்டுரங்கன் பக்கத்து நாட்டு சிம்மு குடுத்தான். எல்லகிட்ட வந்தா அவங்க டவரு எடுக்குது. அங்க தட கெடையாது" என்றார். பரிமளா பல் போன சந்தில் நாக்கை நீட்டிக் காட்டினாள். அவர் சிரித்தார். எனக்கு இன்று சோறே வேண்டியிருக்கவில்லை.

2-5-2017
மரக்காணத்திலிருந்து கெங்கம்மாள் வந்தாள். இவர் இருக்கிற நாட்டிலேயே மீன்பிடிக்கிற அவள் வீட்டுக்காரர் வீரமுத்து அண்ணன் போன படகு எல்லை தாண்டிவிட்டதாம், பக்கத்து நாட்டு ரோந்துக்காரர்கள் பிடித்துப் போய்விட்டார்களாம். "எப்ப வுடுவாங்கன்னே தெரியலடி. புள்ளைங்க கேட்டுக்கினே இருக்குதுங்க" என்றாள். இவரும் அங்கேதானே போகிறார், என் முகத்தைப் பார்க்க.

அவள் போனதும் கூப்பிட்டுச் சொன்னேன்: "மூஞ்சி பாத்தது போதும். இனிமே அங்க போவாதீங்க." கிட்டேதான் போகிறாராம், தாண்ட மாட்டாராம். கடலில் கோடா போட்டிருக்கிறது?

9-5-2017
வீடியோ கால் அடித்தது. அடித்தால் எல்லையில் நிற்கிறார் என்று அர்த்தம். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நாளைக்கும் போவார். "அப்பாதாம்மா, எடும்மா" என்று பரிமளா கையைப் பிடித்து இழுத்தாள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அது ஓயும்வரை அழுதேன்.

10-5-2017
இன்றும் எடுக்கவில்லை.

4-6-2017
இப்போதெல்லாம் அடிப்பதில்லை. நிம்மதி. பாழாய்ப்போன நிம்மதி.

22-9-2017
மத்தியானம் வீடியோ கால் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. கோபம் கோபமாக வந்தது — இந்த மனுஷனுக்குப் புத்தியே வராதா? அப்புறம் ஒரு மெசேஜ்: "எடு செந்தா. இங்க சட்டத்த மாத்தி வீடியோ கால தொறந்துட்டாங்க. நான் கரையிலதான் இருக்கேன்."

திரும்ப அடித்தது. பரிமளாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து எடுத்தேன். முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தேன். சுவர் இருந்தது.