மேரியின் சான்றிதழ்

செவ்வாய்க்கிழமை, புரொண்பி, டென்மார்க்.

ஜெர்மனியில் படித்துவிட்டு இங்கே வேலை தேடும் மேரியின் தாதியர் சான்றிதழ் உண்மையானதுதான் என்று ஜெர்மன் அலுவலகம் டென்மார்க் அலுவலகத்துக்கு எழுத்தில் உறுதிசெய்துவிட்டது. ஆதாரம், மேரிக்கு இன்று வந்த கடிதம். அதை முதலில் பார்த்தவள் நிரோஷா. எங்கள் பத்திரிகையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள்.

மூன்று மாதமாக இந்தச் செய்தியின் பின்னால் அலைந்தவன் நான். ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு முதியோர் இல்லம் மேரிக்காக வேலையை ஒதுக்கி வைத்திருக்கிறது. இங்கே தாதியாக வேலை செய்வதற்கான அனுமதி பிந்தினால் அது போய்விடும். மத்தியானம் மேரிக்குப் போன் எடுத்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அண்ணை, உங்களிட்டச் சொன்னா இன்னொரு ஆதாரம் வரட்டும் எண்டுவியள். அந்தப் பிள்ளை உடன ஜெர்மன்காரனுக்கே போன் அடிச்சுக் கதைச்சிட்டுது."

அந்த ஜெர்மன் அதிகாரியின் போன் இலக்கத்தை நிரோஷா போன வாரம் என்னிடம்தான் கேட்டாள். என் குறிப்பேட்டில் அது இருந்தும், தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவளே கண்டுபிடித்துவிட்டாள். முகம் பாராத இரண்டு நாட்டு அலுவலர்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் அனுப்புகிறார்கள். எனக்கோ, பக்கத்து மேசைக்கு ஓர் இலக்கத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

டென்மார்க்கின் அனுமதி வெள்ளிக்கிழமை வரும் என்கிறார்கள். அன்று நிரோஷா மேரி வீட்டுக்குப் போகிறாள். "நீங்களும் வாறியளோ அண்ணை? காரில இடமிருக்கு" என்றாள். கேட்டதில் கள்ளம் இல்லை; அதுதான் எரிகிறது. நாளைக் காலை சொல்கிறேன் என்றிருக்கிறேன்.