வாங்காத சிறுநீரகம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்பது நாளுக்கு முன்பு எனக்கு ஆபரேஷன் நடந்தது. நன்றாக இருக்கிறேன். முன்பே சொல்லியிருந்தால் கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓடி வந்திருப்பாய். அப்படி உன்னை வரவழைக்க மனம் வரவில்லை.

அடிவயிற்றில் வலப்பக்கம் கணையம், இடப்பக்கம் சிறுநீரகம். இறந்துபோன யாரோ ஒருவருடையவை. அவர் வீட்டார் கொடுத்தார்கள். என் பழைய கணையத்தை எடுக்கவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. சாப்பாடு செரிக்க அது வேணும்," என்றார் டாக்டர். புதியதில் ரத்தம் உறைந்துவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதானாம். முதல் சில நாட்கள் எல்லோர் முகத்திலும் அந்தப் பயம் தெரிந்தது. நல்லவேளை, உறையவில்லை. இன்று காலை சர்க்கரை தொண்ணூற்றாறு, அதுவும் இன்சுலின் போடாமல். நர்ஸ் சொன்னதை நம்பாமல் இன்னொரு விரலையும் நீட்டினேன்.

நீ கொடுக்க வந்ததை நான் வேண்டாம் என்றதும், "என் கிட்னி உனக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் நீ, இரண்டு வருடமாகப் பேசவில்லை. அன்று வாயைத் திறக்காதது என் தப்புதான். சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால், என் சர்க்கரை நாளடைவில் அதையும் கெடுத்துவிடலாம் என்றார்கள். உன்னுடையதை வாங்கிப் பாழாக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் கணையமும் சேர்ந்து கிடைக்கும்வரை டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருந்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். உன் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். முடியாது என்றால் அவர்களிடம் நீயே சொல்லிக்கொள்.

உன் தங்கை