கூப்பிட்டால் கேட்காத பிள்ளை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், மனசுக்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் எங்கள் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால், அதற்கென்றே தினமும் ஏதாவது ஒரு வேலையை மாடியில் கண்டுபிடித்துவிடுகிறார்.

அன்றைக்கு நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த மாதம் குட்டியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அந்த ஊர்ப் பாஷையில் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது, யாராவது கூப்பிட்டால்கூட அவனுக்குப் புரியாதே, எப்படி அம்மா விட்டுவிட்டு வருவேன் என்று கேட்டாய். எத்தனையோ பிள்ளைகளை அழ அழ வாங்கி உள்ளே கூட்டிப் போனவள் நான், உனக்கு ஒரு பதில் சொல்ல வரவில்லை. காரணம் இருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை காணாமல் போய், என் உயிர் போய்த் திரும்பி வந்திருந்தது. அதைச் சொன்னால் நீ இன்னும் பயப்படுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்லலாம்.

பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் ஒருநாள் வரவழைத்து, வகுப்பு எது, கழிப்பறை எது, தண்ணீர் எங்கே குடிப்பது என்று காட்டுவோம் இல்லையா, அந்த நாள். இந்த வருஷம் சிட்டு என்று ஒரு பெண் குழந்தை சேர்ந்திருக்கிறாள். பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குப் பின்னால் கருவி மாட்டினால் ஓரளவு கேட்கும், மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவள் அம்மா கடைத்தெருவில் தைக்கிறவள், தனியாளாக வளர்க்கிறாள். இந்தக் குழந்தையைச் சேர்ப்பது பிடிக்காமல், அதே வகுப்பில் பெண்ணைச் சேர்த்திருக்கும் பல் டாக்டர் ஒருவர் என் அறைக்கே வந்து, “ஒரு குழந்தைக்காக மத்த பிள்ளைங்க பாடம் நிக்கக் கூடாது டீச்சர். நாளைக்கு ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?” என்று கேட்டார். நானும் விட்டுக்கொடுக்காமல், “எல்லாம் என் பொறுப்புதான்” என்று சொல்லி அனுப்பினேன். தலைமை ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படி ஒரு வீறாப்பு வந்துவிடுகிறது.

கூட்டம் நடந்த கூடத்தில் மைக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. பேசி முடித்ததும் ஆளாளுக்கு வகுப்பு டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். தையல்காரி மாற்று உடை கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள், பக்கத்தில் பிள்ளையைக் காணோம். முதலில் கழிப்பறையில் பார்த்தோம், பிறகு விளையாட்டுத் திடலில். வண்டிகள் வந்துபோவதற்காக வாசல் கேட் வேறு திறந்தே கிடந்தது. சிட்டு, எங்கே இருந்தாலும் மேடைக்கு வாம்மா என்று நான் மைக்கில் கூப்பிட, எல்லோரும் சேர்ந்து கத்த, கூடமே இரைச்சலாகிவிட்டது. அப்போது தையல்காரி ஒரு பெஞ்சுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து என்னிடம் காட்டினாள். அந்தக் கருவி. “மைக் சத்தம் தாங்காம கழட்டிப் போட்டுட்டா. நீங்க கத்துறது எதுவும் அவளுக்குக் கேக்காது டீச்சர்” என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து என் காதோடு சொன்னார், பின்பக்கத்துத் தரைத்தொட்டியைக் காலையில்தான் கழுவித் தண்ணீர் விட்டோம், மூடி போடவில்லை, ஒரு தகரத்தைத்தான் போட்டு வைத்திருந்தோம், இப்போது அந்தத் தகரம் நகர்ந்து கிடக்கிறது என்று. அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லாமல் அவர் பின்னால் ஓடினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பாகத் தண்ணீர்தான் தெரிகிறது. எனக்குப் பின்னாலேயே ஓடிவந்த பல் டாக்டர் சட்டையையும் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் இறங்கிவிட்டார். நெஞ்சளவு தண்ணீரில் காலால் துழாவித் துழாவி, “இந்தப் பக்கம் இல்ல... இங்கயும் இல்ல” என்று அவர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல, நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை.

தையல்காரி தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். தொட்டியைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் என்னிடம் கேட்டது, “மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?” என்றுதான். பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். “வீட்டுல லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுவேன். அதுதான் அவளைக் கூப்பிடுறது” என்றாள். மாடிப்படிக்கு அடியில் இருந்ததைக் காட்டினேன். பெற்றவர்களை எல்லாம் தாழ்வாரத்தில் நிறுத்தி, யாரும் வாயைத் திறக்காமல் கதவுகளை மட்டும் பாருங்கள் என்றேன். அன்றைக்கு மப்பும் மந்தாரமுமாக இருந்ததால் எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அணைத்தாள், போட்டாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். பொம்மை மாதிரி நின்றார்கள் அத்தனை பேரும். கடைசியில் புத்தக அறைக் கதவு மெல்லத் திறந்தது. கையில் ஒரு புதுப் புத்தகத்தோடு, படிக்க விடமாட்டீர்களா என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு சிட்டு வெளியே வந்தாள். புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறாள். அந்த அறையை எங்கள் டீச்சர் ஏற்கெனவே எட்டிப் பார்த்தவள்தான், வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் இல்லை என்று போய்விட்டாள்.

தையல்காரி அழவில்லை, அடிக்கவில்லை. கருவியைத் துடைத்துப் பிள்ளை காதில் மாட்டினாள். “இந்த ஸ்கூல் வேணாம் டீச்சர்” என்றாள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் திரும்ப ஓடிப்போய், கிடைச்சிட்டா, மேல வாங்க என்று டாக்டரிடம் சொன்னேன். ஏறி வந்து ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தார். பொறுப்பைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். “முதல்ல மூடியைப் போடச் சொல்லுங்க” என்றார், அவ்வளவுதான்.

தொட்டிக்கு அன்றைக்கே இரும்பு மூடி போட்டுப் பூட்டினோம். பெற்றவர்களை மறுபடி கூப்பிட்டு, மூடி திறந்து கிடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு குடும்பம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டது, அதைத் தப்பென்று சொல்ல முடியாது. மறுநாள் வகுப்பு டீச்சரைக் கூட்டிக்கொண்டு தையல்கடைக்குப் போனேன். சமாதானம் பேச வரவில்லை, நீ அவளை எதற்கு எப்படிக் கூப்பிடுவாய் என்று கற்றுக்கொள்ள வந்தோம் என்றேன். தலை நிமிராமல் மிஷினை மிதித்தாள். பிறகு தைப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லிக் கொடுத்தாள், பின்னாலிருந்து தொடக் கூடாது, மேஜையைத் தட்டினால் அதிர்வு தெரியும், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் அவளுக்கு ஒன்றும் புரியாது என்று. திரும்ப அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அதனால் உனக்கும் சொல்கிறேன். பள்ளி திறக்கும்வரை காத்திருக்காதே. முன்னாலேயே போய்க் குட்டியின் டீச்சரைப் பார். அவன் ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்வான், பயந்தால் எங்கே போய் ஒளிவான், எதைக் காட்டினால் அழுகை நிற்கும், எல்லாவற்றையும் சொல்லிவிடு. வெட்கப்படாதே, இதெல்லாம் உன் ஒருத்திக்குத்தான் தெரியும். கழிப்பறையை அவனுக்கு நீயே காட்டு. அவனாகக் கழற்றி மாட்டக்கூடிய சட்டையாகப் போட்டு அனுப்பு. அழுவானே என்று பயந்து, அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் மட்டும் நழுவி வந்துவிடாதே.

இன்றைக்குப் பள்ளி திறந்தது. மணி அடித்து, பிள்ளைகள் வரிசையில் நின்றாகிவிட்டது, சிட்டுவைக் காணோம். அவ்வளவுதான் என்று நம்பிக்கையை விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் தெருக்கோடியில் இரண்டு பேரும் வருகிறார்கள். கேட்டுக்கு வந்ததும் சிட்டு அம்மா கையை உதறிவிட்டு, வரிசைக் கடைசியில் போய் நின்றுகொண்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாக்காரிதான் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவளை அழைத்து வந்து என் அறையில் உட்கார வைத்தேன். “எதுக்கும் இங்கயே இருக்கேன், தேவைப்பட்டா கூப்பிடுங்க” என்றாள். நான் இரண்டு கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள், தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு கண்ணைத் திறந்து வைத்தே தூங்கியிருப்பாள் போல. கிளார்க் எழுப்பப் போனார், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சாப்பாட்டு மணிவரைக்கும் அந்த அறையில் நாங்கள் குசுகுசுவென்றுதான் பேசினோம்.

நீயும் தைரியமாக இரு. குட்டிக்கு அவன் தாத்தாவின் முத்தங்களைக் கொடு. எங்கள் ஆசீர்வாதம் உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு. மறக்காமல் அவனுடைய டீச்சரைப் போய்ப் பார். முதல் நாள் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ண வேண்டாம். கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கு, தாயே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா