பதினோராம் பக்கம்

இக்காலுவிட்
14 ஜனவரி 2012

அன்புத் தங்கை சியாசிக்கு,

போனில் பேசினால் உன் கணவன் யுவானசி பக்கத்திலேயே நிற்கிறான். அதனால் எழுதுகிறேன். இத்துடன் அனுப்பும் தையல் ஊசிப் பொட்டலத்துக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. வீட்டில் அடி வாங்குகிறவர்களுக்குச் சட்டம் என்ன செய்யும் என்று இந்த வடதுருவப் பனிநாட்டு நம் மக்களுக்காக அச்சிட்டது. தெற்கே பெருநகரத்திலிருந்து வந்த வக்கீலம்மா எழுதினார். நம் மொழியில் பெயர்த்தவன் நான். பனியில் வழுக்கி விழுந்தேன் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. படித்துவிட்டு ஒளித்து வை.

அண்ணன்
அக்பிக்

நுவுயாக்
2 பிப்ரவரி

அண்ணாவுக்கு,

படித்தேன். "உடனே வீட்டை விட்டு வெளியேறிக் காப்பகத்துக்குச் செல்லுங்கள்" என்றுதான் ஆரம்பமே. எந்தக் காப்பகம்? விமானம் ஏறித்தான் போக வேண்டும். டிக்கெட் போடுகிறவள் அவனுடைய அக்கா. வெளியே மைனஸ் நாற்பத்தொன்று. நேற்று அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போடி, போ. கரடிகிட்ட நான் விசாரிச்சதாச் சொல்லு" என்று சிரித்தான். உன் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. இங்கே பிறந்த உனக்கு அதை எழுதும்போது கை நிற்கவில்லையா?

கலைமான் இறைச்சி அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே யோசி.

சியாசி

இக்காலுவிட்
13 பிப்ரவரி

சியாசி,

நிற்கவில்லை. அதுதான் என்னை எரிக்கிறது. இருபது வருடமாகத் தெற்கத்திக்காரர்களின் வாக்கியங்களைச் சுமந்து என் கை மரத்துவிட்டது. வக்கீலம்மாவிடம் போனேன். "எங்க ஊர்ல வெளிய போனா சாவுதான் மேடம்" என்றேன். "நீங்க மொழிபெயர்த்தாப் போதும் அக்பிக். அடுத்த பதிப்புல பாக்கலாம்" என்றார். அதுவரை என் தங்கை அடி வாங்க வேண்டுமாம்!

பதினோராம் பக்கத்தைப் பார். பொடி எழுத்தில் கிடக்கிறது. அடித்தவனை வெளியே அனுப்பி, வீட்டை இப்போதைக்கு உன்னிடம் விட உத்தரவு வாங்கலாம். வாடகைச் சீட்டு அவன் பெயரில் இருந்தாலும் சரி. நீதிமன்றத்தைப் போனில் கூப்பிட்டே கேட்கலாம். நர்ஸ் இருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு. அவனைச் சிறையில் தள்ளும்வரை விடாதே.

அக்பிக்

நுவுயாக்
6 மார்ச்

அண்ணாவுக்கு,

கூப்பிட்டேன். போலீஸ்காரர் வந்து உத்தரவை வாசித்தார்.

"வீடு என் பேர்ல இருக்கு!" என்று கத்தினான்.

"பேரு உங்களுதுதான். ஆளு வெளிய வாங்க" என்றார் அவர்.

நம் அர்னாக்குக்கு அவனுடைய இறந்த அம்மாவின் பெயர்தானே. மகளை அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவள் முன்னால் மண்டியிட்டு, "அம்மா, நீயாச்சும் என்னை இருக்கச் சொல்லு" என்றான். ஐந்து வயது. கையுறையை எடுத்து நீட்டி, "போ. கை விறைச்சிடும்" என்றாள். போய்விட்டான். அவன் மாமா வீட்டில் இருக்கிறான்.

சிறை என்கிறாய். குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்க்கும் நம் ஊர்ப் பெரியவரான ஆலோசகர் முன்னால் அவன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதுவும் அந்தப் பக்கத்தின் கீழேயே இருக்கிறது. நீ திட்டுவாய். திட்டிக்கொள், இது என் முடிவு.

நேற்று பக்கத்து வீட்டுக்காரி புத்தகத்தைக் கேட்டாள். முதல் பத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன்.

சியாசி